குளிர்கால ஹம்மிங் பேர்ட்: பாகு உறைந்தால், பறவை தொங்கினால், படம் கறுத்தால்

சியாட்டிலுக்கு வடக்கே ஒரு வாடகை வீட்டில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஹம்மிங் பேர்ட் ஃபீடர், அதாவது அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் அந்தச் சின்னப் பறவைக்குச் சர்க்கரைப் பாகு வைக்கும் கலம், தொங்கவிட்டு எட்டுக் குளிர்காலம் ஆகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஃபீடரிலும், பறவையைப் படம் எடுப்பதிலும் அதே கோளாறுகள்தான் வரும், அதே கேள்விகளோடு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் வருவார்கள், நானும் ஃபீடர் கழுவிய ஈரக் கையோடு அதே பதிலைத் துண்டு துண்டாகத் தட்டி அனுப்புவேன். இனி முடியாது, எல்லாவற்றையும் இங்கே எழுதிவைத்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைப் பிடுங்குவது கடைசியில்.

அதற்கு முன்னால் கொஞ்சம். குளிர்காலம் முழுக்க இங்கே தங்குவது அன்னா வகை. கோடையில் வரும் ரூஃபஸ் வகை எல்லாம் மெக்சிகோ பக்கம் போய்விடும். (அன்னா என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் "எந்த அண்ணா?" என்கிறார்கள். இது ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியின் பெயர்.) எடை நாலு, ஐந்து கிராம், அதாவது பிரிண்டரில் போடும் ஏ4 தாள் ஒன்றின் கனம். டிசம்பர் கடைசியில் இங்கே மாலை 4:20க்குச் சூரியன் மறைந்தால் மறுநாள் 7:55க்குத்தான் உதிக்கும். பதினைந்தரை மணி நேரப் பட்டினி. அதனால் கீழே வரும் பாதி விஷயம் விடியற்காலை அரை மணி நேரத்தைப் பற்றித்தான், அந்த நேரத்தில் பாகு திரவமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

காலையில் பாகு கல்லாகிக் கிடக்கிறது

*இரவு முழுக்க வெளியிலேயே இருந்ததா?*

ஆம் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்த பாகு மைனஸ் 1 டிகிரி தாண்டினாலே உறைய ஆரம்பிக்கும், பச்சைத் தண்ணீரைவிட ஒரு டிகிரிதான் தாங்கும். இருட்டியதும் ஃபீடரை உள்ளே எடுத்துவிடுங்கள், இரவில் அது குடிக்க வராது. காலையில் சூரியன் வருவதற்கு முக்கால் மணி முன்னால் மாட்டிவிடுங்கள். டிசம்பரில் நான் 7:10க்கு மாட்டுகிறேன். எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது.

*சரியாக மாட்டியும் ஒன்பது மணிக்குள் உறைகிறதா?*

இரண்டு ஃபீடர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இதற்குச் செலவு பத்துப் பதினைந்து டாலர்தான். சர்க்கரையைக் கூட்டினால் உறையாதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்று போட்டால் இன்னும் அரை டிகிரி கிடைக்கும், அவ்வளவுதான். மைனஸ் 6 இருக்கும் நாளில் அந்த அரை டிகிரி எதற்கும் உதவாது.

*பல்பு வைத்திருக்கிறீர்களா? வைத்தும் உறைகிறதா?*

பல்பைத் தொட்டுப் பாருங்கள். சூடில்லை என்றால் அது எல்.இ.டி. நான் முதல் வருடம் செய்த முட்டாள்தனம் இதுதான்: கிறிஸ்துமஸ் சீரியல் செட் ஒன்றை ஃபீடரைச் சுற்றி அழகாகக் கட்டிவிட்டு, காலையில் பச்சையும் சிவப்புமாக மின்னும் ஐஸ்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும், நம்மூர் ஜீரோ வாட் பல்பு மாதிரி. நைட் லைட்டில் போடும் 4 அல்லது 7 வாட் பல்பு ஒன்றைத் தட்டு வடிவ ஃபீடருக்கு இரண்டு அங்குலம் கீழே கட்டினால் மைனஸ் 4, 5 வரைக்கும் தாங்குகிறது. பழைய பெரிய கிறிஸ்துமஸ் பல்புகளும் ஆகும். பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள், உருகும். ஒரு மணி நேரம் கழித்துப் பாகில் விரலை வைத்துப் பாருங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் பாலைவிடச் சூடாக இருந்தால் பல்பை இன்னும் கீழே இறக்குங்கள்.

*பல்பே எரியவில்லையா?*

வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் ரீசெட் பட்டன் இருக்கும், மழை பட்டு டிரிப் ஆகியிருக்கும். அதை அழுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பு தரையில் ஈரத்தில் கிடந்தால் தூக்கிக் கட்டுங்கள். காய்ந்த பிறகும் திரும்பத் திரும்ப டிரிப் ஆனால் அதற்கு மேல் நோண்டாதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

*மைனஸ் 7, 8க்குக் கீழே போகிறதா?*

அப்போதுதான் காசு. ஹீட்டர் பொருத்திய ஃபீடர் கிடைக்கிறது, வாங்கிவிடலாம். சிலர் 125 வாட் கோழிக்குஞ்சு விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். சூடு கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மரத் தாழ்வாரத்தில் அந்த விளக்கை எரியவிட்டுவிட்டு ஆபீஸ் போகும் தைரியம் எனக்கு இல்லை.

2024 ஜனவரி நடுவில் வந்த குளிரில் எங்கள் கொல்லைப்புறத் தெர்மாமீட்டர் மைனஸ் 9 காட்டியது. ஒரு நாள் காலையில் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கிவிட்டேன். சமையலறைக்கு வந்தால், ஃபீடர் தொங்க வேண்டிய வெறும் கொக்கியின்மேல் ஆண் பறவை உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழும்பி ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்று முகத்துக்கு நேராகப் பார்த்தது. ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஃபீடரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கொக்கியில் மாட்டுவதற்குள் என் கையிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டது, கட்டைவிரல்மேல் இறக்கைக் காற்று சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குப் படம் ஒன்றும் எடுக்கவில்லை. இரண்டு கையும் ஃபீடரில்.

பாகு நன்றாகத்தான் இருக்கிறது, பறவை வரவில்லை

*முதலில் பாகையே பாருங்கள்.* கலங்கலாக, இழை இழையாக, துளைகளில் கறுப்புப் புள்ளியோடு இருந்தால் கெட்டுவிட்டது. குளிர்தானே என்று இரண்டு வாரம் விட்டுவைப்பவர்கள் உண்டு. நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை, பல்பு எரிகிறது என்றால் மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வெந்நீரும் வினிகரும் ஊற்றி ஊறவைத்து, துளைகளைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, வினிகர் வாடை போகும்வரை அலசுங்கள். அப்படியும் கறுப்பு போகவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

*என்ன சர்க்கரை போட்டீர்கள்?* இது நம் ஆட்களுக்கென்றே உள்ள கோளாறு. அம்மா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, அவ்வளவு சின்ன ஜீவனுக்குப் போய் வெறும் வெள்ளைச் சர்க்கரையா? கருப்பட்டி போட்டா ஒடம்புக்கு நல்லதுதானே?" நமக்கு நல்லது, அதற்கு ஆகாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் உள்ள இரும்புச்சத்து அதன் உடம்பில் சேர்ந்து கெடுதல் செய்யும். தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். கலர்ப் பொடி தேவையே இல்லை, ஃபீடர் சிவப்பாக இருந்தால் போதும். ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரை, நாலு டம்ளர் தண்ணீர், கரையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். பாகு என்று பெயரே தவிர, பதமெல்லாம் பார்க்க வேண்டாம். என் நண்பர் ஒருவர் பழக்கதோஷத்தில் கம்பிப் பதம் வரை காய்ச்சிவிட்டார், அதை அதிரசத்துக்குத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது.

*ஒரே ஒரு ஆண் பறவை மட்டும் காவல் காக்கிறதா?* பக்கத்து மரத்தின் உச்சிக் குச்சியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் துரத்தும். அதற்குத் தான் குடிப்பதைவிட மற்றவன் குடிக்காமல் இருப்பது முக்கியம், சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளி மாதிரி. இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டுங்கள். பக்கத்திலேயே மாட்டினால் இரண்டையும் காவல் காக்கும்.

*வேறெங்காவது பூ பூத்திருக்கிறதா, பூனை திரிகிறதா?* தெருக்கோடியில் மஹோனியாப் புதர் பூத்திருந்தால் சில நாள் அங்கேதான் இருக்கும், விட்டுவிடுங்கள். பூனை என்றால் ஃபீடரை ஐந்தடிக்கு மேல், புதரை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பிப்ரவரியில் பெண் பறவை வருவது குறைந்தால் கூட்டில் உட்கார்ந்திருக்கலாம், அன்னா அவ்வளவு சீக்கிரமே முட்டையிடும். கூட்டைத் தேடிக் கேமராவோடு புதருக்குள் போகாதீர்கள்.

பாகு சொட்டுகிறது

பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் ரகமா? உள்ளே பாதி காற்று இருந்து அதன்மேல் வெயில் பட்டால், காற்று விரிந்து பாகைத் தள்ளிவிடும். முழுக்க நிரப்புங்கள், நிழலில் மாட்டுங்கள். அப்படியும் சொட்டினால் வாஷரைப் பாருங்கள், ஒரு தடவை உறைந்து உருகியதில் பாட்டிலே விரிசல் விட்டிருக்கலாம். தட்டு வடிவத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது, கழுவுவதும் சுலபம்.

பறவை அசையாமல் தொங்குகிறது, அல்லது உப்பிப்போய்க் கிடக்கிறது

இந்தத் தலைப்புக்கு வந்திருந்தால் கேமராவைக் கீழே வையுங்கள்.

*ஃபீடரிலோ குச்சியிலோ இருக்கிறதா?* கண் மூடி, அலகு மேலே தூக்கி, சில சமயம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுகூட இருக்கும். செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கடுங்குளிரில் சக்தியை மிச்சம் பிடிக்க இது தன் உடம்பையே அணைத்துவைத்துவிடும், நாற்பது டிகிரிக்கு மேல் இருக்கும் உடல் சூடு பத்து டிகிரிக்குக்கூட இறங்கும், மூச்சு விடுவதே தெரியாது. மறுபடி சூடேற இருபது நிமிடம் போல ஆகும். தொடாதீர்கள், ஊதாதீர்கள், எழுப்பாதீர்கள், எழுப்பினால் கைவசமுள்ள கடைசிச் சொட்டையும் அதற்கே செலவழிக்கும். உறையாத பாகு பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். முதலில் கழுத்து லேசாக நடுங்கும், பிறகு உடம்பு முழுக்க ஒரு உதறல் ஓடும், அப்புறம் ஒரு நொடியில் அங்கே இருக்காது.

*விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் அப்படியேவா? தரையில் கிடக்கிறதா?* இப்போது எடுக்கலாம். டிஷ்யூ பேப்பர் போட்ட சின்ன அட்டைப் பெட்டி, காற்றுக்கு இரண்டு துளை, இருட்டான வெதுவெதுப்பான அறை. ஹீட்டர்மேல் வைக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே பக்கத்தில் உள்ள, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்கு போன் செய்து அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

*ஜன்னலில் மோதியதா?* அதே பெட்டி, அதே இருட்டு. அரை மணி, ஒரு மணியில் உள்ளே படபடவென்று சத்தம் கேட்டால் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். தெளியவில்லை என்றால் போன். மறுபடி மோதாமலிருக்க ஃபீடரைக் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள்ளேயே மாட்டுங்கள். அவ்வளவு கிட்டத்தில் வேகம் எடுக்க முடியாது.

*நாக்கு வெளியே நீட்டியபடியே இருக்கிறதா, ஃபீடரிலேயே மணிக்கணக்காக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறதா?* நோயாக இருக்கலாம். ஃபீடரை இறக்கிக் கழுவுங்கள், மையத்துக்குச் சொல்லுங்கள். தேறும்வரை நாமே வளர்க்கலாமே என்று யோசிக்காதீர்கள். 1918லிருந்து இருக்கும் அமெரிக்க வலசைப் பறவைச் சட்டப்படி அனுமதியில்லாமல் வீட்டில் வைப்பது குற்றம், அதோடு வெறும் சர்க்கரைத் தண்ணீரில் அது பிழைக்காது, கொசு மாதிரி பூச்சிகளும் வேண்டும்.

படத்தில் கழுத்து கரிக்கட்டையாக இருக்கிறது

*அது ஆணா?* பெண்ணுக்குத் தொண்டை நடுவில் ஒரு சின்னப் பொட்டுதான் மின்னும். தலையும் கழுத்தும் முழுக்க ரோஜா நிறத்தில் எரிவது ஆண்.

*ஆண்தான், ஆனாலும் கறுப்பா?* கேமராவில் கோளாறு இல்லை. அந்த நிறம் சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும் விளையாட்டு. பட்டுப் புடவையைத் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், பறவை உங்களைப் பார்த்துத் திரும்ப வேண்டும். எடிட்டிங்கில் ஷேடோவை ஏற்றினால் கரி சாம்பலாகும், ரோஜா வராது. அது உட்காரும் குச்சி எப்போதும் ஒன்றேதான், இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கும் நேரம் பார்த்து அங்கே போய் நின்று பர்ஸ்ட்டில், அதாவது தொடர்ச்சியாகப் படபடவென்று எடுங்கள், தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும், இருபதில் இரண்டில் பற்றிக்கொள்ளும். மூடிய வானத்திலும் வரும், கொஞ்சம் மங்கலாக.

எல்லாப் படமும் மங்கல்

*ஜன்னலைத் திறந்து வைத்து உள்ளிருந்து எடுத்தீர்களா?* நான் ஒரு குளிர்காலம் முழுக்க லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தது இதனால்தான். அறையின் வெதுவெதுப்பான காற்று ஜன்னல் வழியாக வெளியேறிக் குளிரில் கலக்கும்போது தார் ரோட்டில் கானல் தெரிவதுபோல அலையடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 400 மி.மீ. லென்ஸுக்குத் தெரியும். ஹீட்டரை நிறுத்தி, அறை ஆறும்வரை காத்திருங்கள், அல்லது ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். சோதிப்பது சுலபம்: ஃபீடரையே பத்துப் படம் எடுங்கள், சிலது கூர்மை, சிலது கொழகொழ என்றால் காற்றுதான்.

*மூடிய கண்ணாடி வழியாகவா?* இரட்டைக் கண்ணாடி என்றால் இரட்டை விளிம்பு விழும். லென்ஸ் ஹூடைக் கண்ணாடியில் ஒட்டி, நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் கெட்டது.

*கிட்டே வந்தால் ஃபோகஸ் பிடிப்பதே இல்லையா?* லென்ஸ் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் சுவிட்ச் 'தூரம் மட்டும்' என்ற பக்கம் இருக்கிறதா பாருங்கள். பிறகு லென்ஸின் குறைந்தபட்ச தூரம், பல 150-600 லென்ஸ்கள் இரண்டு, மூன்று மீட்டருக்குள் வந்தால் கையை விரித்துவிடும். பின்னால் போங்கள், அல்லது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடுங்கள்.

*உடம்பு கூர்மை, இறக்கை மட்டும் மங்கலா?* அது நொடிக்கு நாற்பது, ஐம்பது தடவை அடிக்கிறது. நிறுத்திக் காட்ட வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/2000 நொடி போதாது, 1/4000 வேண்டும், இந்த ஊர் டிசம்பர் இருட்டில் அதற்கு ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, எங்கோ கொண்டுபோக வேண்டும். ஃபிளாஷ் போடலாம், 1/32 சக்தியில் வைத்தால் இறக்கை நின்றுவிடும். ஆனால் உறையும் காலையில், அது முதல் வாய் குடிக்க வரும் நேரத்தில், நான் ஃபிளாஷ் போடுவதில்லை. உட்கார்ந்திருக்கும்போது 1/320 தாராளம், எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அப்படி எடுத்தவைதான்.

*எல்லாம் சரி, ஸ்டாண்டில் வைத்துச் செங்கல் சுவரை எடுத்தாலும் மங்கலா?* இப்போது சர்வீஸ் சென்டர். அதற்கு முன்னால் போகாதீர்கள், நான் போய்ச் செலவழித்துவிட்டு, "லென்ஸ் நன்றாக இருக்கிறது சார்" என்ற பதிலோடு திரும்பினேன்.

பனி சாம்பலாக, பறவை இருட்டாக

கேமரா வெள்ளையைக் கண்டால் பயந்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வையுங்கள். சரி, அடுத்தது.

பறவை ஆரஞ்சு நிறத்தில்

கீழே எரிகிறதே அந்த 7 வாட் பல்பு, அதன் வேலைதான். கேமராவின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை மாற்றினால் பறவை சரியாகும், பின்னால் உள்ள பனி நீலமாகும். பல்பையும் ஃபீடரையும் படத்துக்கு வெளியே விட்டு, பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியைக் கட்டிவையுங்கள். குடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதில் உட்காரும், அங்கே எடுங்கள். பல்பை மட்டும் படத்துக்காக அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் என்று நினைத்து அணைப்பீர்கள், மறந்துவிடுவீர்கள்.

பேட்டரி சடாரென்று இறங்குகிறது, உள்ளே வந்ததும் லென்ஸில் பனிமூட்டம்

பேட்டரி செத்துவிடவில்லை, குளிரில் சோர்ந்திருக்கிறது. எடுத்துச் சட்டைப் பைக்குள் பத்து நிமிடம் வைத்தால் ஓரளவு சார்ஜ் திரும்பி வரும். இன்னொன்றை எப்போதும் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

பனிமூட்டத்துக்கு: வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப்லாக் பைக்குள் போட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும். எடுத்த படத்தை உடனே பார்த்தே ஆக வேண்டுமென்றால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். லென்ஸுக்குள்ளேயே ஈரம் படிந்து மறுநாளும் போகவில்லை என்றால் துடைக்கவோ ஹேர் டிரையர் பிடிக்கவோ வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் நாளைக்கான பாகைப் போட்டுவிடுவேன், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை அது எலுமிச்சை ஜூஸில் போய்விட்டது.